கட்டைவிரலின் பங்கு

“உங்களோடதும் ஏதாவது தொலைஞ்சு போச்சா?”

ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று ஒருமுறை அப்படிக் கேட்டது. பேருந்தில் விட்டுவிட்டுப் போன ஒற்றை ஷூவைத் தேடி, இன்னொன்றை மட்டும் காலில் போட்டுக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி வந்திருந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி, “எந்த வண்டி?” என்று கேட்டாள். இரண்டே சொற்கள்தான். அவை தொண்டையில் நாலைந்தாக உடைந்து, விம்மி விம்மி வெளியே வந்தன. குழந்தை ஷூவை மறந்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தது. பிறகுதான் அந்தக் கேள்வி.

அம்மாக்காரி குழந்தையை அதட்டினாள். மேசைக்காரி அதட்டவில்லை. அலமாரியில் தேடி ஷூவை எடுத்து, முந்தானை நுனியால் தூசியைத் துடைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது மெல்லத் தலையசைத்தாள். ஷூ கிடைத்துவிட்டது என்பதற்காக அசைத்ததாக அம்மாக்காரி நினைத்துக்கொண்டாள். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாகக் குழந்தைக்குத் தெரிந்திருக்கலாம்.

அந்தப் பேருந்து நிலையத்தில் எல்லோரும் அவளை மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தப் பிள்ளை கூட்டத்தில் தவறிப்போய் அலுவலகத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் ஊருக்குச் சொன்ன குரல் அது. நாலு வருடத்துக்கு முன்னால் அது சிக்கத் தொடங்கியது. முதலில் சளி என்று நினைத்தாள். உப்பு நீரில் கொப்பளித்தாள்; தேனைக் குழைத்துத் தின்றாள். பார்த்த டாக்டர்கள் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியில் ஒரு நரம்பு டாக்டரம்மாதான் விளக்கிச் சொன்னார். பேச வாயெடுத்ததும் குரல் நாண்கள் இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன; மூளையிலிருந்து வரும் உத்தரவில்தான் கோளாறு; அழுகையும் இல்லை, பயமும் இல்லை என்று.

அதில் ஒரு விசித்திரம் இருந்தது. முணுமுணுத்தால் குரல் உடையாது. காலையில் விளக்கின் முன்னால் நின்று உதட்டோடு உதடாகப் பிரார்த்திக்கும்போது ஒரு சொல்கூடத் தடுக்காது. கடவுளிடம் பேசத் தடையில்லை, மனிதர்களிடம் பேசத்தான் தடை என்று அவள் ஒருநாள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் அது குறையாகச் சொன்னதுபோல் இருந்ததால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நிலையத்தில் அறிவிப்புகளைப் பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். அவளைத் தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றினார்கள். படிக்கட்டுக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒரு காதுக்கு மட்டுமான இயர்போன்கள், ஒரு பல் செட், ஓர் ஊன்றுகோல். “ஊன்றுகோலை விட்டுட்டு எப்படிம்மா நடந்து போயிருப்பான்? பாவம், இன்னும் வண்டியிலதான் உட்கார்ந்திருக்கானோ?” என்று டிக்கெட் பரிசோதகர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அவள் சிரிப்பாள். சிரிப்பும் உடையாது. நாளில் பாதி நேரம் யாரும் வருவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் யாரோ ஒரு பெண்ணின் பதிவுக் குரல் பிசிறில்லாமல் பேசிக்கொண்டிருக்கும்.

வேலை மாறியதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. அவள் பயமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது.

அவளுக்கு இருந்த ஒரே உறவு அக்கா. வெகுதூரத்தில், வேறொரு ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் இருந்தாள். சர்க்கரை நோய் அக்காவின் பார்வையை எடுத்துக்கொண்டது, காதும் மந்தம். கடிதம் எழுதினால் படிக்க முடியாது. முணுமுணுத்தால் கேட்காது. ஞாயிறு பதினொரு மணிக்கு வரும் தங்கையின் குரல் ஒன்றுதான் அவளுக்கு வெளியுலகம். குரல் உடைந்த புதிதில், தங்கை எதையோ மறைத்துக்கொண்டு அழுகிறாள் என்று அக்கா நினைத்தாள். இது ஒரு வியாதி என்று எத்தனை தடவை சொன்னாலும், அந்தச் சொல்லும் அழுகையாகத்தானே அங்கே போய்ச் சேர்ந்தது? ஒருநாள் அக்கா, “நீ அழுறதைக் கேட்டா எனக்கு நெஞ்சு அடைக்குதுடி. வேண்டாம், வச்சிடு” என்று துண்டித்துவிட்டாள். அதற்கப்புறம் மூன்று ஞாயிறு போனை எடுக்கவில்லை.

டாக்டரம்மா சொன்ன வைத்தியத்தைக் கேட்டபோது மைக்கம்மாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நடிகைகள் நெற்றிச் சுருக்கம் போவதற்குப் போட்டுக்கொள்கிறார்களே, அதே ஊசி. கெட்டுப்போன டப்பா உணவில் உண்டாகும் நஞ்சு அது. அதையே துளியிலும் துளியாக எடுத்து ஊசியில் ஏற்றினால், இறுகிப்போன தசை தளரும். கண்ணைத் திறக்க முடியாமல் இமை இறுகியவர்கள், கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டவர்கள், நுனிக்காலில் மட்டுமே நடக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் இதுதான். “இறுகினதைத் தளர்த்தும். அவ்வளவுதான் இதுக்குத் தெரியும்” என்றார் டாக்டரம்மா. மூன்று மாதம் தாங்கும். அப்புறம் மறுபடி போட வேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல். மருந்து ஒரு சின்னக் குப்பியில் நூறு யூனிட்டாகத்தான் வரும். கரைத்துவிட்டால் அன்றைக்கே தீர்க்க வேண்டும். குரலுக்குத் தேவை நாலைந்து யூனிட். ஊசிக்குள்ளும் குழாய்க்குள்ளும் தங்கிவிடுவதையும் சேர்த்தால் பத்து. அதற்காக ஒரு முழுக் குப்பி வாங்க அவளால் முடியாது. காப்பீட்டுக்காரர்கள் குரலுக்குத் தர முடியாது என்று எழுதிவிட்டார்கள். குரல் இல்லாமலும் உயிர் வாழலாமாம்.

அந்தச் சின்ன மருத்துவமனையில் இதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பெரிய அளவு தேவைப்படும் நோயாளி வரும் புதன்கிழமையில், சின்ன அளவு தேவைப்படுகிறவரையும் வரச் சொல்வார்கள். குப்பி நாள் என்று பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குப்பி நாளன்று மைக்கம்மா மருத்துவமனைக்குப் போவாள். குப்பி, பாக்ஸருடையது.

அவர் குத்துச்சண்டைக்காரர் அல்ல. சுவர்களுக்கு வர்ணம் பூசியவர். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை முஷ்டியாக இறுகி மார்போடு ஒட்டிக்கொண்டது. அதனால் வார்டு ஊழியர்கள் வைத்த பெயர். அவரே அதை ரசித்தார். “இன்னைக்கு வரைக்கும் யாரையும் அடிக்கலை சிஸ்டர், எதிராளிதான் கிடைக்கலை” என்பார். விரல்கள் இறுகினால் நகம் உள்ளங்கையில் குத்தும். கையைக் கழுவவும் முடியாது. ஊசி போட்டாலும் பிரஷ் பிடிக்க முடியாதுதான். விரல்களைப் பிரித்து நகம் வெட்டலாம், சோப்புப் போடலாம். அவருக்கும் வீட்டில் யாரும் இல்லை.

இருவரும் வெளியே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவள் பேச மாட்டாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்து, “ரெண்டாவது கோட் அடிக்காம விட்டுட்டான்” என்பார். அவள் சிரிப்பாள். அவ்வளவுதான் பழக்கம். முதலில் அவரைக் கூப்பிடுவார்கள். அரைமணி கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்து, “மிச்சம் இருக்கு, வாங்க” என்று இவளைக் கூப்பிடுவாள். கழுத்தின் முன்பக்கம் மெல்லிய ஊசி இறங்கும். இரண்டு வாரம் காற்றுப் போலக் குரல். தண்ணீர் குடித்தால் புரையேறும். அதற்குப் பிறகு பழைய குரல். அக்கா போனை எடுத்து, “இப்பத்தான் நீ நீயா இருக்கே” என்பாள்.

அந்த மிச்சத்துக்காக அவள் மருத்துவமனைக்கு நன்றி சொல்லியிருக்கிறாள், கடவுளுக்குச் சொல்லியிருக்கிறாள். பாக்ஸருக்குச் சொன்னதில்லை. மிச்சம் என்றால் யாருடையதும் அல்லாதது என்று நினைத்துவிட்டாள். தொலைந்த பொருட்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவள் செய்யக்கூடாத தவறு அது. எந்தப் பொருளுக்கும் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார் என்பது அவளுக்குத் தெரியாததா?

அந்தப் புதன்கிழமை பெஞ்ச் காலியாக இருந்தது. அவள் குரல் போன வாரமே உடையத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா, “ஊசி நாள் வந்துடுச்சா?” என்று கேட்டிருந்தாள், கேட்ட விதத்தில் பயம் இருந்தது. அரைமணி, ஒரு மணி ஆயிற்று. நர்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பாக்ஸர் மேலே மூன்றாவது மாடியில் படுத்திருக்கிறார் என்றாள். நுரையீரலில் நீர் கோத்து, காய்ச்சலோடு கொண்டுவந்து சேர்த்தார்களாம். நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறதாம். “நீங்க கவலைப்படாதீங்க. குப்பி ஃப்ரிட்ஜுலதான் இருக்கு. தான் வரலைன்னாலும் திறந்து உங்களுக்குப் போட்டுடச் சொல்லி எப்பவோ சொல்லி வச்சிருக்கார்.”

திறந்தால் மீதியைக் கொட்டிவிட வேண்டும் என்பது மைக்கம்மாவுக்குத் தெரியும். “மிச்... சம்... தானே... எனக்கு?” என்று கேட்டாள்.

நர்ஸ் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, சொல்லலாமா கூடாதா என்று யோசித்தவள்போல மெதுவாகச் சொன்னாள்.

“மிச்சமெல்லாம் எதும்மா? நூறும் அவர் கைக்கே சரியா இருக்கும். நாலு விரலுக்குப் போட்டுட்டு, கட்டைவிரலை விட்டுடுங்கன்னு அவர்தான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கார். டாக்டரம்மா சண்டைகூடப் போட்டாங்க. நீங்க முதல் தடவை வந்தன்னைக்கு இந்த பெஞ்சுல உட்கார்ந்து ஊசி விஷயத்தைச் சொல்ல உங்க அக்காகிட்ட பேசினீங்களாமே, அவங்க பாதியில வச்சுட்டாங்களாமே. அதைக் கேட்டிருக்கார். ‘எனக்குப் போனா ஒரு விரல் போகும், அந்தம்மாவுக்கு ஒரு ஆளே போயிடும்’னார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொன்னார். இப்போ சொல்லிட்டேன், என்னைக் காட்டிக்கொடுத்துடாதீங்க.”

மைக்கம்மா எழுந்து மூன்றாவது மாடிக்குப் போனாள்.

வாசலை ஒட்டிய கட்டில். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கண்கள் மூடியிருந்தன. போர்வைக்கு வெளியே வலது கை கிடந்தது. மருந்தின் பலம் தீர்ந்து நாலு விரல்களும் மடங்கத் தொடங்கியிருந்தன. ஆனாலும் அவற்றுக்கு நடுவே இடைவெளி இருந்தது. அது வழியாக உள்ளே பார்த்தாள். கட்டைவிரல் குறுக்கே மடங்கி, உள்ளங்கையில் புதைந்து கிடந்தது. அதன் நகம் நீண்டு சதைக்குள் இறங்கியிருந்தது. ஈரத் துணியை மூடிவைத்த வாடை வந்தது. ஒன்றரை வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் தான் அக்காவோடு சிரித்துப் பேசிய பேச்செல்லாம் இந்த விரலுக்கு அடியிலிருந்து வந்தது என்று அவளுக்குப் புரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

ஆசை இல்லாமல் இல்லை. கீழே குப்பி காத்திருந்தது. அவரே சொல்லி வைத்துவிட்டார். போட்டுக்கொண்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. மூன்று ஞாயிறு எடுக்கப்படாமல் அடித்துக்கொண்டே இருந்த போனின் சத்தம் அவள் காதில் இன்னும் இருந்தது. படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்றுதான் இறங்கினாள். கண்ணை மூடி முணுமுணுத்தாள். கேட்டது பலம் மட்டும்தான். வழி எது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

கீழே நர்ஸ் பக்கத்தில் நிற்க, டாக்டரம்மா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். அது காலிக் குப்பி போலவே இருந்தது. அடியில் மூச்சுப் பட்டது போல ஒரு வெண்படலம், அவ்வளவுதான்.

“திற... க்காதீங்க” என்றாள் மைக்கம்மா. “அவருக்கே... முழுசா... கட்டை... விரலும்.”

டாக்டரம்மா அவளை உட்காரச் சொன்னார். காய்ச்சல் விட்டுத் தேறினால் பத்து நாளில் அவருக்குப் போடலாம் என்றும், அந்த நிலையில் நூறும் அவருக்கே வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். “உங்க குரல் அடுத்த குப்பி வரைக்கும் இருக்காது. தெரியும் இல்லையா?” அவள் தலையசைத்தாள். பிறகு உதட்டில் விரலை வைத்து, மேலே கையைக் காட்டினாள். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று. அறையில் இருந்த மூவருமே இப்போது ஒரு ரகசியத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவள் போன் செய்தாள். அக்கா எடுத்தாள்.

“அக்... கா.”

“ஊசி போடலையா?”

“இல்... ல.”

“ஏன்?”

எப்படிச் சொல்வது? பெஞ்சும் முஷ்டியும் கட்டைவிரலும் இந்த உடைந்த தொண்டை வழியாகப் போய்ச் சேருமா? “இன்... னொருத்... தருக்குக்... குடுத்... துட்டேன்” என்றாள். துண்டிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

அக்கா துண்டிக்கவில்லை. “அப்போ இது ஊசி போடாத குரல்தான், நீ அழலை” என்றாள்.

“இல்ல.”

“நிஜமா?”

“நிஜ... மா.”

“சரி, போதும், கஷ்டப்படாதே. போனை நகத்தால தட்டு. ஆமான்னா ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு. புரிஞ்சுதா?”

அவள் ஒருமுறை தட்டினாள்.

“கேக்குது, நல்லாவே கேக்குது. செவிடிக்குக் கேக்கிற மாதிரி தட்டுறே. பிறந்ததுலேர்ந்து நீ என்னைப் பேச விட்டிருக்கியா? இப்பத்தான் கடவுள் எனக்கு மூணு மாசம் கொடுத்திருக்கார்.” அக்கா பேசத் தொடங்கினாள். இல்லத்துச் சமையல்காரியைப் பற்றி, பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையைப் பற்றி, கனவில் மட்டும் தனக்குக் கண் தெரிவதைப் பற்றி. இவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

போனை வைத்த பிறகு அறை நிசப்தமாக இருந்தது. சொல்ல நினைத்ததெல்லாம் அவளுக்குள்ளேயே இருந்தது. ஆமாம், இல்லை என்ற இரண்டுக்குள் எவ்வளவு அடக்க முடியும்? மேசையை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பதிலுக்குத் தட்ட யாரும் இல்லை. எழுந்து போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டாள்.

நாலாவது வாரம் நர்ஸ் தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். பாக்ஸருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஊசி போட்டுப் பத்து நாளாகிறது, கை தளர்ந்திருக்கிறது, ஆனாலும் பகலெல்லாம் தூங்குகிறார். இவள் கேட்டிருந்த இன்னொரு விஷயத்துக்கும் பதில் இருந்தது. மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கிக்கொண்டால் விரல்கள் தானாக விடும், இழுக்கக் கூடாது.

அவள் மதியம் அரைநாள் விடுப்பு எடுத்தாள். வீட்டுக்குப் போய், நகவெட்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். ஒரு பழைய பருத்திப் புடவையில் ஒரு முழம் கிழித்து, துவைத்துக் காயவைத்திருந்ததைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

பார்வையாளர் நேரத்தில் வார்டு சாவகாசமாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரரை ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோயிருந்தார்கள். பாக்ஸர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மைக்கம்மா திரையை இழுத்து மூடினாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மணிக்கட்டை மெல்ல மடக்கினாள். நாலு விரல்களும் விரிந்தன. பிறகு கட்டைவிரல். அதன் அடியில் தன் சுண்டுவிரலை நுழைத்து, இழுக்காமல் காத்திருந்தாள். உள்ளேயிருந்து யாரோ பிடியை விட்டது போல அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. உள்ளங்கையில் அது கிடந்த இடம் வெளுத்து, பிறைபோல ஒரு புண் நகத்தின் அளவுக்கே பதிந்திருந்தது. அதைச் சுற்றி, வருடக்கணக்காக பிரஷ் பிடித்த காய்ப்பு இன்னும் கரையாமல் இருந்தது.

கையைத் தண்ணீரில் ஊறவைத்தாள். புண்ணைத் தொடாமல் சுற்றிலும் பஞ்சால் துடைத்தாள். நகம் மஞ்சளாகத் தடித்து வளைந்திருந்தது. ஒரே வெட்டில் எடுத்தால் சத்தம் வரும் என்று ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக வெட்டினாள். நடுவில் அவர் ஒருமுறை அசைந்து ஏதோ முனகினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையை அப்படியே ஏந்திக்கொண்டிருந்தாள். தூக்கம் கலையவில்லை. மறுபடி வெட்டினாள். மற்ற நாலு விரல்களின் நகங்களையும் சீராக்கினாள். ஒவ்வொரு விரலிடுக்கிலும் ஈரத்தை ஒற்றி எடுத்தாள். கடைசியாகச் சுருட்டி வைத்திருந்த துணியை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலை அதன்மேல் வெளிப்பக்கமாக விட்டாள். அது அங்கேயே நின்றது.

விழித்ததும் நர்ஸ் யாரோ வெட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார். நினைக்கட்டும்.

கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக் கழுவி வைத்தாள். நாற்காலியை இருந்த இடத்திலேயே போட்டாள். திரையை விலக்கினாள். நகத்துண்டுகளை மடித்து வைத்த காகிதத்தைப் படிக்கட்டோரக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, நாலு மணி வண்டியைப் பிடிக்க நடந்தாள்.